மை ஊற்றச் சொன்னவள்

போன மாதம் சென்னையில் ஒரு பேனாக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெரிய ஓட்டல், குளிரடிக்கும் கூடம், மேசைக்கு மேசை இங்க் பேனாக்கள். என்னைப் போன்ற பேனாப் பைத்தியத்துக்கு அது கல்யாண வீடு. ஆசை ஆசையாக உள்ளே போனவள் வெளியே வரும்போது கொதித்துப் போய்த்தான் வந்தேன்.

முதல் மேசையிலேயே தாடி வைத்த ஒரு பிள்ளையாண்டான், “யாருக்கு மேடம் கிஃப்ட்? சாருக்கா, பேரனுக்கா?” என்றான். எனக்குச் சாரும் கிடையாது, பேரனும் கிடையாது. “எனக்குத்தான் தம்பி” என்றேன். குழந்தை மழலை பேசினால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்துவிட்டு, பூப்போட்ட ரோஸ் கலர் பேனா ஒன்றை எடுத்து வைத்தான். “லேடீஸ் இதத்தான் விரும்பி வாங்குறாங்க.” எபனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பரில், சொட்டு சொட்டாக மை ஊற்றுகிற பழைய மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிய ஆள் எங்கே நிற்கிறார் என்பதுபோல அவன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

அடுத்த மேசைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அவருடைய பேனாக்களெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். “அறுபது வருசப் பேனா மேடம். ஒரு சொட்டு மை பட்டதில்ல” என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அறுபது வருடமாக ஒரு எழுத்துகூட எழுதாததில் என்ன பெருமை என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வயதானால் விழுங்குவதற்குப் பழகிவிடுகிறது.

கடைசி மேசையில் ஒரு பெண் எழுதிப் பார்ப்பதற்காக மைப்புட்டி ஒன்றைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வாசனையும் புளித்துப்போன பழ வாசனையும் கலந்த அந்தப் பழைய மை வாசனை வந்தது. எனக்குக் காரைக்கால் வந்துவிட்டது. காரைக்கால் வந்தால் கூடவே கோபமும் வரும். இரண்டையும் நான் ஒரே பெட்டியில்தான் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டில் எனக்குப் பேனாப் பேய் பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள். மற்றப் பெண்கள் வளையல் சேர்த்தபோது நான் நிப் சேர்த்தேன். வெந்நீரில் கழுவி, பழைய பிளேடால் நடுக் கீறலில் அடைத்த கசடை எடுத்து, பொட்டுத் துணியில் துடைத்து வைப்பேன். பள்ளிக்கூடம் முடித்துப் பரீட்சை எழுதி, எழுபதுகளின் நடுவில் காரைக்காலிலேயே ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அதற்குள் எல்லாரும் பால்பாயின்ட்டுக்கு மாறியிருந்தார்கள். நான் மாறவில்லை. ஆண்களுக்குச் சட்டைப்பை உண்டு. புடவை கட்டியவள் பேனாவை எங்கே செருகுவது? கைப்பையில் படுக்கவைத்தால் கசியும். ஆகவே என் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் நீலம்தான். பக்கத்து மேசைத் தனலட்சுமி அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்து, “இன்னைக்கும் ஓட்டுப் போட்டுட்டுத்தான் வர்றியா?” என்பாள்.

கடைத்தெருவில் சிங்கப்பூர் போய்வருகிறவர்கள் கொண்டுவரும் பேனாக்கள் விற்பார்கள். ஒரு கடைக்காரரும் என்னிடம் எழுதிப் பார்க்கக் கொடுக்கமாட்டார். “வாங்குறவங்க யாரும்மா, அவங்கள வரச் சொல்லுங்க” என்பார்கள். நான்தான் வாங்குகிறவள் என்றால், பணத்தை வாங்கிக்கொண்டு பேனாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். அப்போதும் எழுதிப் பார்க்க விடமாட்டார்கள். அந்த ஊரில் ஒரு பெண் கையில் பேனாவைக் கண்டால் அது யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்கள் பிள்ளைகுட்டிகள். ‘வக்கான்ஸுக்கு வந்திருக்காங்க’ என்பார்கள். விடுமுறை என்று சொன்னால் மதிப்பு குறைந்துவிடுமாம். ஞாயிறு பூசையில் மாதாகோயில் முழுக்க சென்ட் வாசனை. இங்கே முருங்கைக்கீரை சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான், ‘தண்ணியக் கொதிக்க வச்சீங்களா?’ என்று கேட்டுக் குடிப்பார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்காது. ஆனால் அவர்களில் ஒருவரிடம் பேனாக்கள் இருந்தன.

அவர் பெயர் தனிஸ்லாஸ். ஊர் அவரை ‘முசே’ என்றுதான் கூப்பிடும். ‘ஐயா’ என்று அர்த்தம், பிரெஞ்சுக்காரன் போன பிறகும் போகாத சொற்களில் அது ஒன்று. அவர் மனைவி மதாம். ஒரே மகன் பெர்னார். ஒவ்வொரு வக்கான்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முசே தன் வீட்டுக் கூடத்தில் லேஸ் துணி விரித்துப் பேனாக்களைப் பரப்பி வைப்பார். வந்து பார்க்கலாம். அதைப் ‘பேனா பார்க்கப் போறது’ என்று ஊரில் சொல்வார்கள். அவரிடம் திருகினால் நிப் வெளியே வருகிற பழைய பிரெஞ்சுப் பேனா இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மாவோ, “போவமே” என்றாள். மறுவாரமே அரக்குப் பட்டை எடுத்து வெயிலில் போட்டாள். தலை கொள்ளாத மல்லிகை வாங்கி வைத்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து ரெஜினா அத்தையும் புறப்பட்டு வந்துவிட்டாள். அவள் அப்பாவின் தங்கை, ஊரில் பாதிக் கல்யாணம் அவள் பேசி முடித்தது. பேனா பார்க்கப் பட்டுப்புடவை எதற்கு, அத்தை எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மரமண்டை!

ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாது. அது பெண் பார்க்கிற ஏற்பாடு. பிரான்ஸ் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குக் கெட்ட பெயர், சண்டை, சச்சரவு. பேனா பார்க்கப் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை, பார்த்தோம், வந்தோம். பேனாக்களெல்லாம் காய்ந்துதான் கிடக்கும். பெண்ணைப் பிடித்திருந்தால் முசே எழுந்து போய் மைப்புட்டியை எடுத்துவந்து ஒரு பேனாவில் ஊற்றி, ‘எழுதிப் பாரும்மா’ என்று நீட்டுவார். அதுதான் சம்மதம். பெண் வாங்கி எழுதினால் அவளுக்கும் சம்மதம். மை ஊற்றாமல் காப்பி மட்டும் கொடுத்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். முந்தைய வக்கான்ஸிலெல்லாம் எத்தனையோ பெண்கள் காப்பி குடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு கெடு வைத்தார்கள். அம்மாவின் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போய்விட்டார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். ‘நான் எதுக்குடி அவனுக்கு எழுதிக் குடுக்கணும்?’ என்றாராம். அப்பா செத்த பிறகும் அம்மாவுக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை. “ஒரு கையெழுத்து. அதப் போட்டிருந்தா நாமளும் மனுசரா இருந்திருப்போம்” என்று உலை வைக்கும்போதுகூடச் சொல்வாள். அவர் போடாத கையெழுத்தை என் தலையில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. என் கணக்கு என் ஆபீஸ் மேசை, என் சம்பளம், என் மைப்புட்டி. ஒரே ரிக்‌ஷாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் வேறு வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

முசே வீட்டுக் கூடத்தில் எனக்கு மனிதர்களே கண்ணில் படவில்லை. லேஸ் துணிமேல் வரிசையாகக் கிடந்த பேனாக்கள்தான். மதாம் என்னவோ கேட்டாள், நான் என்னவோ சொன்னேன். ஜன்னலோரம் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு பெர்னார் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைப்பையில் இருந்தது ஒரு பால்பாயின்ட். இதைப் பார்த்ததும் எனக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. முசே அந்தப் பேனாவை எடுத்துக் காட்டினார். மூடியைக் கழற்றினால் முனையில் வெறும் ஓட்டைதான். அடியைத் திருகத் திருக நத்தை தலை நீட்டுகிற மாதிரி தங்க நிப் மெல்ல வெளியே வந்தது. நிப்பை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த ஓட்டை வழியாகவே மை ஊற்ற வேண்டும். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. என்னால் அடக்க முடியவில்லை.

“இதுல மை ஊத்திக் குடுங்க முசே. எழுதணும்” என்றேன்.

காப்பித் தட்டோடு வந்த மதாம் அப்படியே நின்றாள். ரெஜினா அத்தை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். எந்தப் பெண்ணும் வாய்விட்டுக் கேட்டதில்லையாம். எனக்கு அது எப்படித் தெரியும்? பழைய பேனாவுக்கு மை ஊற்றத் தயங்குகிறார்கள் என்று நினைத்து, “பயப்படாதீங்க, நான் பூப்போல எழுதுவேன்” என்று வேறு சொல்லிவைத்தேன்! முசே மதாமைப் பார்த்தார். மதாம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மைப்புட்டி வந்தது.

அந்தப் பேனாவில் எழுதியதைச் சொல்லாமல் போனால் நான் மனுஷியே இல்லை. அழுத்தினால் கோடு தடித்தது, விட்டால் மயிரிழை ஆனது. என் பெயரை எழுதினேன். தலத்தெரு என்று எழுதினேன். ழ, ண, ஞ என்று சுழித்துச் சுழித்து எழுதினேன். ஒவ்வொரு சுழியிலும் மை ஈரமாக மின்னி, பிறகு மெல்ல அடங்கியது. தாள் நிறைந்ததும் திருப்பிப் போட்டு எழுதினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நிமிர்ந்தால் கேக் வந்திருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை, “வாயத் தொறந்து கேட்டுட்டா பாத்தீங்களா மதாம்! மனசுல இருந்திருக்கு” என்றாள். மதாம் என் மோவாயைப் பிடித்து, “அந்த ஊருக்கு இப்புடித் தைரியமான பொண்ணுதான் வேணும்” என்றாள். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முசே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “வேலைய வுட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடும்மா. அங்க வந்து என்னத்த எழுதப் போற நீ?” என்றார். பிறகு பெரிய மனது பண்ணி, “இந்தப் பேனா ஒனக்குத்தான். அலமாரில வச்சுக்க. எழுதித் தேச்சுப்புடாத” என்றார்.

இவ்வளவு பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அப்படிச் சொல்லலாமா? எனக்குக் காது கொதித்தது. “பேனா பாக்கத்தாங்க வந்தேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். “வெக்கப்படுது” என்றாள் அத்தை. “இல்லங்க, நெசமாவே பேனா பாக்கத்தான்” என்றேன். இன்னும் சிரித்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்களுக்குக் கொண்டாட்டமாகிப்போனது.

அந்த ஆத்திரத்திலும் பேனாவை அப்படியே மூடினால் நிப் ஒடிந்துவிடும் என்று நிப்பை உள்ளே திருகிவிட்டுத்தான் ஓட்டை மேலே பார்க்கும்படி மைப்புட்டிமேல் சாய்த்து வைத்தேன். மூடி இன்னும் என் கையில் இருந்தது, அதைப் போடாவிட்டால் அந்த ஓட்டை திறந்துதான் கிடக்கும். முசே மகனைக் கூப்பிட்டு, “நீயே ஒங் கையால எடுத்துக் குடுடா” என்றார். பெர்னார் எழுந்து வந்தான், பேனாவை எடுத்தான். நிப் இல்லாத அந்த முனையை விநோதமாகப் பார்த்தான். “கவுக்காதீங்க!” என்று நான் கத்துவதற்குள் கவிழ்த்துவிட்டான். உள்ளே இருந்த மை அத்தனையும் மடமடவென்று வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியது.

நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக, “இந்த வூட்ல இதுல யாரும் எழுதுனதே இல்லையா?” என்று கேட்டேன். மதாம் கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. முசே எழுந்து நின்று, “மை ஊத்தச் சொன்னது யாரு?” என்றார், ஏதோ வீட்டுக்குத் தீ வைக்கச் சொன்னவளைக் கேட்கிற மாதிரி. பெர்னார் தன் தொடையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் என் மேசை இழுப்பறையைத் திறந்து, இருந்த பேனாக்களையெல்லாம் வாரிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். “எல்லாம் இந்தச் சனியனால!” எபனைட் எரிந்தால் ரப்பர் நாற்றமும் கந்தக நாற்றமும் சேர்ந்து வரும். தெருவே மூக்கைப் பொத்தியது. நான் அழவில்லை. மறுநாள் காலை கடைத்தெருவில் புதுப்பேனா ஒன்று வாங்கி, புட்டி நிறைய மையும் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே தனலட்சுமி காத்திருந்தாள். “நீயா வாய்விட்டுக் கேட்டியாமே? அப்புறம் ஏன்டி வேணாங்குற?” பேனா பார்க்கத்தான் போனேன் என்றேன். அவள் என் நீல விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவள், “என்கிட்டயுமா மறைக்குற?” என்றாள்.

ஊரில் எனக்கு ‘மை கேட்டவ’ என்று பெயர் வந்தது. ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டு, திமிரில் உதறியவள் என்று கதை. அந்தக் கதைக்குப் பிறகு யாரும் என்னை எதுவும் பார்க்க வரச் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அம்மாதான் விஷயம். அவள் என்னோடு நேராகப் பேசுவதை விட்டாள். “சோறு இருக்கு, வேணுங்கிறவங்க போட்டுத் திங்கலாம்” என்று சுவரிடம் சொல்வாள். நானும் சளைத்தவள் இல்லை. “பசிக்கிறவங்க தின்னுக்குவாங்க” என்று அதே சுவரிடம் சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சுவர் பாவம், எவ்வளவு கேட்டதோ. வேண்டாம் என்று சொன்னதற்காக அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்ற மகளுக்குப் பேனா பிடிக்கும் என்பதை நம்ப அவ்வளவு கஷ்டமா? ஒரு ஆணுக்காகத்தான் நான் எங்கேயும் போக முடியுமா?

எண்பதுகளின் கடைசியில் அம்மா படுத்துவிட்டாள். கஞ்சி ஊட்டுவேன், வாயைத் துடைப்பேன், அப்போதும் பேச்சு சுவரோடுதான். ஒரு மத்தியானம், என்னைப் பார்த்தே கேட்டாள்.

“அன்னைக்கு நீ அந்தப் பையனுக்காகத்தான வந்த? இப்பயாச்சும் நெசத்தச் சொல்லு.”

“பேனா பாக்கத்தாம்மா வந்தேன்.”

“பொய்யி” என்றாள். “பேனா பாக்கன்னு எவளாச்சும் போவாளா?” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

இப்போது வக்கான்ஸுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிற பேரப்பிள்ளைகளுக்குத் தமிழும் வராது, தெருவும் தெரியாது. முசே வீட்டில் இப்போது லாரி புக்கிங் ஆபீஸ் நடக்கிறது. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் டிரைவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். முசேயும் மதாமும் பிரான்சிலேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். ரெஜினா அத்தை போய்விட்டாள். தனலட்சுமி ரிட்டயர் ஆகி மகனோடு எங்கேயோ வடக்கே போனவள், அவளும் போய்விட்டாள் என்று கேள்வி. ‘மை கேட்டவ’ என்றால் இன்று காரைக்காலில் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

கோபம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு குறையவில்லை. நான் பேனா பார்க்கத்தான் போனேன் என்று இன்றைக்கும் யாரிடமாவது கத்த வேண்டும்போல இருக்கிறது. கத்தினால், “பொய்யி” என்று திருப்பிச் சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை.